கிளம்பாத கதிர்க்குருவி

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை எவனாக இருந்தாலும் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடித்தே தீரும். சிலருக்கு அது மாடித் தோட்டமாக வரும். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மேலே இழுத்துப்போய் இரண்டு கத்தரிக்காயைக் காட்டுவார்கள். சிலருக்கு விடிகாலை நடைப்பயிற்சி. நடப்பதைவிட நடந்ததைப் பற்றிப் பேசுவது அதிகமாக இருக்கும். எனக்குக் குருவியாக வந்தது. மற்றக் கிறுக்குகளில் காட்டுவதற்கு ஒரு கத்தரிக்காயாவது மிஞ்சும். இதில் அதுவும் கிடையாது. "அந்தா பாரு, அந்தா" என்று விரலை நீட்டி முடிப்பதற்குள் அது பறந்திருக்கும். கூட நிற்பவர்கள் விரலைத்தான் பார்த்திருப்பார்கள்.

போடியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஏலக்காய் வியாபாரிகள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று ஊரில் பாதிப் பேர் என் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். (மீதிப் பேருக்கும் வேண்டியதுதான். ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) குரங்கணிக்கு மலையேற வந்த ஒருவர் ஒருநாள் தன் பைனாகுலரைத் துடைத்துத் தரச் சொல்லிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். துடைத்து முடித்து, தெளிவாகத் தெரிகிறதா என்று சோதிக்க எதிர்க் கட்டிடத்துக் கரண்டுக் கம்பியைப் பார்த்தேன். அதில் ஒரு தேன்சிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் ஊதாவும் பச்சையுமாக ஏதோ மின்னியது. தினமும் அந்தக் கம்பிக்குக் கீழே நின்றுதான் நான் டீ குடிக்கிறேன். தலைக்கு மேலே இப்படி ஒரு சங்கதி நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவர் திரும்பி வந்து கேட்கும்வரை நான் பைனாகுலரைக் கீழே வைக்கவில்லை. அந்த மாதமே எனக்கென்று ஒன்று வாங்கிவிட்டேன்.

அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். மதுரைப் பக்கத்துக் குருவிக் கிறுக்கர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அதற்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். எல்லோரும் அவரைப் புரபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பாராட்ட நினைத்தால் கட்டை விரலை அனுப்புவார். பாராட்ட நினைக்காவிட்டால் ஒன்றும் அனுப்ப மாட்டார். சேர்ந்து ஒரு குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரு கட்டை விரல்கூட வரவில்லை.

இப்போது என் தங்கை ரேவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரங்கணிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஏறி மலையடிவாரத்துக்குப் போவாள், சாயங்காலம் வருவாள். முப்பது வயது தாண்டியிருந்தது. கல்லூரி முடித்த வருஷத்தில் இருந்தே அவளைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். கம்பத்தில் இருந்து, தேனியில் இருந்து, ஒரு தடவை திண்டுக்கல்லில் இருந்து. வருவார்கள், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிடுவார்கள், காபித் தட்டோடு நிற்கும் அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுறோம்" என்பார்கள். சொல்லிவிட மாட்டார்கள். ஜாதகம், நிறம், உயரம் என்று ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்று இருந்தது. எங்கள் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கார் திரும்பிப் போகும்போதும் அவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். ரேவதி பட்டுச்சேலையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வருஷம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து, மலைப் பக்கம் இருந்து சாரல் காற்று ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மருதாணிச் செடி, கறிவேப்பிலை. காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவன் முருங்கை மரத்தில் ஒரு குருவியைப் பார்த்தேன். பெருவிரல் அளவு. மங்கின பச்சை நிறம். இலைக்கு அடியில் புகுந்து புகுந்து பூச்சி தேடியது. கண்ணுக்கு மேலே வெளிறின மஞ்சளில் புருவம் போல ஒரு கோடு. "சிசுவீ, சிசுவீ" என்று ஒரு சத்தம்.

இலைக் கதிர்க்குருவி. குளிர்காலம் முழுக்க ஊரெல்லாம் மரத்துக்கு மரம் இருக்கும் சாதாரணக் குருவிதான். ஆனால் அது இந்த ஊர்க் குருவி இல்லை. இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் போய்க் கூடு கட்டும். சித்திரையோடு எல்லாம் கிளம்பிவிடும். ஜூன் மாதத்தில் அதைப் போடியில் பார்ப்பது, கார்த்திகை மாதத்தில் மாம்பழம் பழுப்பது மாதிரி. வாயில் நுரையோடு வீட்டுக்குள் ஓடினேன்.

"ஈஸ்வரி, போகாம இருக்கு. இன்னும் போகாம இருக்கு."

என் மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "எது, கரண்டா?"

குழுவில் செய்தி போட்டேன். ஐந்து நிமிஷத்தில் புரபசரிடம் இருந்து பதில் வந்தது. முதல் முறையாக எனக்கு அவர் எழுதிய வார்த்தை. "படம்?"

அந்த வாரம் முழுக்கப் படம் எடுத்தேன். முருங்கை இலை, முருங்கை இலை, குருவி போன பிறகான முருங்கை இலை. ஒன்றில் உருண்டையாக ஏதோ கலங்கித் தெரிந்தது. அது என் கட்டை விரல் என்று ரேவதி சொன்னாள். அவளிடம் குருவியையும் காட்டியிருந்தேன். துணி காயப்போடும்போது தினமும் பார்ப்பதாகச் சொன்னாள். படங்களை அனுப்பியதும் புரபசர் நீண்ட நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் நேரில் வருவதாக எழுதினார்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ரேவதியைப் பார்க்கக் கம்பத்தில் இருந்து வருவதாக இருந்தது.

எனக்கு அது நினைவில்லாமல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்குத்தான் வருகிறார்கள். குருவிக்காரர்கள் விடியும்போதே வந்து, பக்கத்துச் சந்து வழியாகத் தோட்டத்துக்குள் போய், பார்த்துவிட்டு, இட்லி நேரத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. அப்போது அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகக்கூடத் தோன்றியது.

ஞாயிறு காலை புரபசர் போன் செய்தார். ஆண்டிபட்டிக் கணவாயில் கார் நின்றுவிட்டதாம். மெக்கானிக் பார்க்கிறாராம். "லேட்டாகும் போல. இன்னொரு நாள் வரட்டுமா தம்பி?"

புத்தி உள்ள எவனும் சரி என்றிருப்பான். ஆனால் குருவி இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்குமா? "பரவாயில்லை சார், எந்நேரமானாலும் வாங்க" என்றேன். வீட்டின் இருப்பிடத்தையும் போனில் அனுப்பிவைத்தேன்.

பத்தரை மணி வாக்கில் கம்பத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். தேவாரம் பக்கம் தோட்டத்துக்குள் யானை இறங்கிவிட்டதாம், சாலையில் கூட்டமாம், இப்போதுதான் போடிக்குள் நுழைகிறார்களாம், வழி தெரியவில்லையாம். அப்பா என்னைப் பார்த்தார். "வெரசா போய்க் கூட்டிட்டு வா." நான் வண்டியை எடுத்துக்கொண்டு தேவாரம் ரோட்டுக்குப் போனேன்.

நான் தெருமுனையைத் திரும்பின கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இதற்கு மேல் கொஞ்ச தூரம் ஈஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். (வருஷத்துக்கு வருஷம் அவள் சொல்வது கொஞ்சம் நீண்டுகொண்டே வருகிறது. நான் குறைத்துத்தான் எழுதுகிறேன்.)

காரில் இருந்து இறங்கியவர்கள் மூன்று பேர். நரைத்த தலையோடு கௌரவமாக ஒரு பெரியவர், அது புரபசர். வழியில் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததால் பட்டுச்சேலையும் பூவுமாக அவர் மனைவி. தெரியாத வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வாங்கி வைத்திருந்தார். மூன்றாவதாக, வாட்டசாட்டமாக, முகத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு இளைஞன். புரபசருடைய அக்கா மகன். குழுவில் படம் எடுப்பதில் பேர் போனவன்.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "வாங்க, வாங்க. வழி கண்டுபிடிச்சு வந்துட்டீகளே."

"தம்பி இருப்பிடம் அனுப்பியிருந்தாப்ல. லேட்டாயிருச்சு, மன்னிக்கணும்."

"அதனால என்ன. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

புரபசர் உள்ளே வந்து பார்த்தார். கூடத்தில் புது விரிப்பு. ஊதுவத்தி. அம்மா புதுச்சேலையில். கேசரி வாசம். நாற்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்க் குருவி பார்த்தவர் அவர். போன இடமெல்லாம் திருட்டுப் பயல் என்று சந்தேகப்பட்டவர்கள்தான் அதிகம். ஒரு குருவிக்காக ஒரு குடும்பமே குளித்துப் பூ வைத்துக்கொண்டு காத்திருப்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். மனிதர் நெகிழ்ந்துபோனார்.

இந்த இடத்தில் ஒரு இலக்கண விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் பெண்ணைப் 'புள்ள' என்போம். புள்ளைக்கு வினைச்சொல் அஃறிணையில்தான் வரும். புள்ள நல்லா இருக்கு, புள்ள என்ன படிச்சிருக்கு, புள்ள சமைக்குமா. குருவிக்கும் அதே வினைதான். தமிழில் உள்ள இந்த வசதி இல்லாவிட்டால் அடுத்த பத்து நிமிஷம் நடந்திருக்கவே நடந்திருக்காது.

"தம்பி எல்லாம் சொன்னாப்ல" என்று புரபசர் ஆரம்பித்தார். "எனக்கு நம்பவே முடியலை. இந்நேரம் கிளம்பிப் போயிருக்கணுமே. இன்னும் இங்கேயே இருக்குதுன்னா ஆச்சரியந்தான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "என்னங்க செய்யிறது. ஒண்ணு கூடி வந்தா ஒண்ணு தள்ளிப் போயிருது."

"இதுக்கு முன்னாடி வேற யாராச்சும் வந்து பார்த்தாங்களா?"

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எத்தனையோ பேரு வந்து பார்த்துட்டாக. தேனியில இருந்து வந்தாக. திண்டுக்கல்லுல இருந்துகூட வந்தாக."

புரபசர் முகம் சட்டென்று மாறியதாம். தனக்கு முன்னாலேயே ஒரு திண்டுக்கல்காரன் குருவியைப் பார்த்துவிட்டானா என்ற பொறாமை அது. அப்பாவுக்கு அது வேறு மாதிரி பட்டது.

"பார்த்துட்டு என்ன சொன்னாங்க?"

"ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுறோம்னாக."

"ஒருத்தரும் உறுதியா சொல்லலையா?"

"இல்லைங்க" என்றார் அப்பா.

புரபசரின் மனைவி இரக்கத்தோடு கேட்டார். "உடம்புல எதுவும் அடி கிடி பட்டிருக்குமோ? அப்படி இருந்தாத்தான் போகாம தங்கிப் போயிரும்னு இவரு சொல்லுவாரு. நடமாட்டமெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அடுக்களைக்குள் இருந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள். "எங்க புள்ளைக்கு ஒரு குறையும் கிடையாதும்மா. தினமும் மலைக்குப் போயிட்டு வருது."

"மலைக்கா?" புரபசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "தினமும் மலைக்குப் போயிட்டு இங்கேயே திரும்பி வருதா? எப்படிப் போகுதுன்னு பார்த்தீங்களா?"

"ஜீப்புலதான்."

ஜீப்புக் கூரையில் உட்கார்ந்து போகிறது போல என்று புரபசர் எடுத்துக்கொண்டாராம். அக்கா மகன் பையைத் திறந்து, சுரைக்காய் நீளத்துக்கு லென்ஸ் மாட்டின கேமராவை வெளியில் எடுத்தான். மாப்பிள்ளைக்குப் படம் எடுக்கும் பழக்கம் உண்டு போல என்று அப்பா நினைத்துக்கொண்டார். தோரணை எதுவும் சரியில்லையே என்று ஈஸ்வரிக்குப் பட்டது. ஆனால் அதற்குள் ரேவதி காபித் தட்டோடு வந்து நின்றுவிட்டாள்.

புரபசர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே தோட்டத்தை எட்டிப் பார்த்தபடி, "காபி அப்புறம் குடிச்சுக்கலாம்மா. முதல்ல அதைப் பார்த்திருவோம். எங்க இருக்கு?" என்றார்.

அப்பா ரேவதியைக் கைகாட்டினார். "இதுதாங்க."

"எதுங்க?"

"இதுதாங்க புள்ள."

புரபசர் அப்பாவைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார், கேசரித் தட்டைப் பார்த்தார். அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். முதலில் புரிந்துகொண்டது ரேவதிதான். தட்டை மேசையில் வைத்தாள்.

"சார், நீங்க குருவி பார்க்க வந்தவங்களா?"

"ஆமாம்மா."

"வாங்க, காட்டுறேன். பின்னாடி முருங்கை மரத்துல இருக்கும்."

பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகைப் பூவுமாக அவள் முன்னால் நடக்க, மூன்று பேரும் பின்னால் போனார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. "யாரு இவுக?" என்று ஈஸ்வரியிடம் கேட்டாராம். ஈஸ்வரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "உங்க மகனைக் கேளுங்க மாமா" என்றாளாம்.

மகன் அந்த நேரம் பார்த்துத்தான் கம்பத்துக்காரர்களின் காரை வழிநடத்திக்கொண்டு வெற்றிவீரனாகத் தெருவுக்குள் நுழைந்தான். வாசலில் மதுரை வண்டி நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, அவன் தாய்மாமன் மூவரும் இறங்கினார்கள். கூடத்தில் பெண் இல்லை. பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. தாய்மாமன் யாரையும் கேட்காமல் நேரே அங்கே போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

முருங்கை மரத்தடியில் அலங்காரம் செய்த பெண். அவளுக்குப் பக்கத்தில் வாட்டசாட்டமான ஒரு பையன், கையில் கேமரா. எதிரில் பெரிய மனிதர் ஒருவர், பட்டுச்சேலையில் ஒரு அம்மா.

தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, ஒரே நேரத்துக்கு ரெண்டு பக்கத்தாளையும் வரச் சொல்லியிருக்கீகளா?"

"இல்லைங்க. இவங்க குருவி பார்க்க வந்தவங்க."

"குருவியா?"

"கதிர்க்குருவி. போக வேண்டியது, போகலை. அதான் மதுரையில இருந்து..."

"யானையைப் பார்க்க ரோட்டுல நிக்கிறது சரி. நாங்களே நின்னுட்டுத்தான் வர்றோம்" என்றார் அவர். "ஒரு குருவியப் பார்க்க மதுரையில இருந்தா ஒருத்தன் வருவான்?"

அந்த நிமிஷம் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை கருத்து வேறுபாடு கிடையாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அழைத்துப்போய், உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் முருங்கைக் கிளையில் ஏதோ பச்சையாக அசைந்தது.

"சார், அந்தா, அந்தா இருக்கு" என்று கத்திவிட்டேன். தாய்மாமனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் பாய்ந்தேன். (தள்ளிவிட்டேன் என்பது ஈஸ்வரியின் வாக்குமூலம்.) எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளைகூடப் பார்த்தான். புரபசர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, நிதானமாகப் பார்த்து, இறக்கினார்.

"தம்பி, இது வெள்ளைக்கண்ணி."

"சார், நல்லாப் பாருங்க சார்."

"நீங்க நல்லாப் பாருங்க. நாலஞ்சு சேர்ந்து வந்திருக்கு. வருஷம் பூராவும் இந்த மலையைச் சுத்தி இங்கேயே இருக்கிற குருவி. கழுத்து மஞ்சளா இருக்கு. கண்ணைச் சுத்தி வெள்ளை வெளேர்னு வட்டமா வளையம் தெரியுதா? மூக்குக்கண்ணாடி மாட்டுன மாதிரி. அதை வச்சுத்தான் சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும்."

நான் பார்த்தேன். எல்லாமே கண்ணாடி மாட்டியிருந்தன. நல்ல பிரேமாகவும் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை பேசவில்லை. மெதுவாக அப்பாவிடம் கேட்டார். "உங்க மகன் என்ன கடை வச்சிருக்கிறதாத் தரகர் சொன்னாரு?"

அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கண்ணாடிக் கடைங்க" என்றார்.

கம்பத்துக்காரர்கள் உட்காரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். புரபசரும் கிளம்பினார். அவர் அப்பாவிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வழக்கம்போல வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் பார்த்துக்கொண்டு நிற்க இரண்டு கார்கள் இருந்தன.

நான் தோட்டத்துக்குப் போய் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் அம்மா அழுவது கேட்டது. அப்படி ஒரு அசிங்கத்தை நான் பட்டதில்லை. என் அசிங்கம் போகட்டும், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் ரேவதி என்ன செய்தாள்? நிறம், உயரம் என்று அவள் தலையில் ஏறியிருந்த காரணங்களோடு இனிமேல் என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்கதவு திறந்தது. ரேவதி வந்தாள். பட்டுச்சேலையை மாற்றியிருந்தாள். கையில் கிண்ணம் நிறையக் கேசரி. கல்லின் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"ரேவதி, நான்..."

"அண்ணே, அவரு பார்த்தது வேற குருவி" என்றாள். "நம்ம குருவிக்குக் கண்ணுல வளையம் கிடையாது. மேல கோடுதான் இருக்கும். அது எப்பவும் தனியாத்தான் வரும்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"ம்."

"சொல்லியிருக்கலாமே. என் மானமாவது மிஞ்சியிருக்கும்."

"சொன்னா கிளம்பிருப்பாங்களா? குருவி வர்ற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. நீயும் கம்பத்துக்காரங்களை அப்படியே விட்டுட்டு உக்காந்திருப்ப."

அவள் இன்னொரு வாய் கேசரி சாப்பிட்டாள்.

"அந்த சார் என்னைப் பார்க்கவே இல்லண்ணே. காபியோட போய் நிக்கிறேன், ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டிருக்காரு. அப்புறம் மாப்ளை வீட்டுக்காரங்களும் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறாங்க. இத்தனை வருஷத்துல எவனும் என்னைப் பார்க்காம நான் பட்டுச்சேலையில நின்னது இன்னிக்குத்தான்." கிண்ணத்தை வழித்தாள். "நல்லா இருந்துச்சு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டு விடையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சேலையை மடித்து வைத்துவிட்டு அவள் விடைத்தாள் திருத்தப் போவதைப் பார்த்து, இவளுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை போல என்று நினைத்திருக்கிறேன். கண் பார்வை பரிசோதிப்பதே என் பிழைப்பு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைக்கூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு பேரும் முருங்கை மரத்தடியில் நின்றோம். "சிசுவீ" என்று சத்தம் வந்தது. நான் பைனாகுலரைத் தேடுவதற்குள் அவள் தன் போனை எடுத்து, கையை ஆட்டாமல், ஒரே ஒரு படம் எடுத்தாள். குருவி கிளை நுனிக்கு வந்து தலையைத் திருப்பி நின்ற நேரம். கண்ணுக்கு மேலே கோடு, இறக்கையில் வெளிறின பட்டை, எல்லாம் இருந்தன. இடது இறக்கையில் ஒரு சிறகு முறிந்து தொங்கியதும் தெரிந்தது. அதனால்தான் அது கிளம்பாமல் இருந்திருக்கிறது.

படத்தைப் புரபசருக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "இலைக் கதிர்க்குருவியேதான். ஜூனில் நான் பார்த்ததில்லை. மன்னிக்கவும். படம் எடுத்தது யார்?" தங்கை என்று எழுதினேன். கட்டை விரல் வந்தது. அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆடி பிறப்பதற்குள் ஒருநாள் குருவியைக் காணோம். சிறகு முளைத்துப் போனதா, பூனை கண்ணில் பட்டதா, தெரியாது. இரண்டு பேரும் சில நாள் தேடிப் பார்த்தோம். அப்புறம் விட்டுவிட்டோம்.

அதற்கிடையில் தரகர் போன் செய்திருந்தார். கம்பத்துக்காரர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம். "அந்த அண்ணனுக்கு எப்பருந்து இப்படின்னு கேக்குறாக. வீட்டுல வேற யாருக்கும் இருக்கான்னும் கேக்குறாக" என்றார். அப்பா போனைக் கையில் மூடிக்கொண்டு ரேவதியைப் பார்த்தார். அவள் விடைத்தாளில் இருந்து நிமிரவில்லை.

"யோசிச்சுச் சொல்லிவிடுறோம்னு சொல்லுங்கப்பா."

அப்பா அப்படியே சொன்னார். போனை வைத்த பிறகு, சொல்லிவிடவில்லை. இனிமேல் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று அவள் அன்று சாயங்காலம் சொன்னாள். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்பா கூடத்தில் மடித்து வைத்திருந்த புது விரிப்பை எடுத்துத் தன் கட்டிலில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஒரு விதத்தில் நிரந்தரமாகப் பாதித்துவிட்டது. தெரியாத முகம் யார் வாசலில் வந்து நின்றாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார். "பொண்ணு பார்க்க வந்தீகளா, குருவி பார்க்க வந்தீகளா?" முதலில் பயத்தில்தான் கேட்டார். பிறகு அதில் அவருக்கே ஒரு ருசி வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் கேட்டார். ஓட்டுக் கேட்டு வந்த கூட்டத்தை நிறுத்திவைத்துக் கேட்டார். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் மேசை மேல் எதையாவது தேடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஒடிசலாக ஒருவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். தேவாரம்காரர். ரேவதி பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்த அறிவியல் வாத்தியார். எங்கள் யாருக்கும் அப்போது அது தெரியாது. அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"பொண்ணு பார்க்க வந்தீகளா, குருவி பார்க்க வந்தீகளா?"

அந்த மனிதர் திகைத்துப்போய் நின்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மரியாதையாக, "ரேவதி டீச்சர் வரச் சொன்னாங்க" என்றார்.

இப்போது அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையை அவர்தான் ஆரம்பிக்கிறார், நேரில் இருந்து பார்த்தவர் மாதிரி. தாய்மாமனை நான் முருங்கை மரத்தில் மோத வைத்ததாக அவர் சொல்லும் பகுதியை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை.